பிறருக்கு மாற்றத் தகாதது

கால்கரியில் ஒரு பழைய துணிக்கடை.
பதினாலு டாலருக்கு எடுத்த ஜாக்கெட்.
இடது முழங்கையில் நீல நூல் தையல்.
ஜிப்பின் நுனியில் கம்பி வளையத்தில் தொங்கும்
யாருடையதோ ஒரு லிஃப்ட் டிக்கெட்:
2016, பிப்ரவரி 20, சனிக்கிழமை.
வயது வந்தவர். முழு நாள்.
பிறருக்கு மாற்றத் தகாதது.

வெட்டியிருக்கலாம்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
என்னோடு விரிப்பு மடிக்கும் மரிசெல்
நகவெட்டியைக்கூட நீட்டினாள்.
இருக்கட்டும் என்றேன்.
பஸ்ஸில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு
மலையில் இந்த வருஷம் பனி எப்படி என்றார்.
பரவாயில்லை என்றேன்.
அதுவரை நான் ஏறி இறங்கிய வெள்ளை மலை
தள்ளுவண்டியில் வரும் துணிதான்.

செவ்வாய்க்கிழமை இருவருக்கும் ஓய்வு.
ஒரு பக்கம் மட்டும் சூடு வரும் அவள் காரில்
கனனாஸ்கிஸ் போனோம்.
கவுன்டருக்கு மேலே விலைப்பலகை:
ஒரு ஆள், ஒரு நாள், நூற்று அறுபத்தொன்பது.
மரிசெல் அதை விரிப்புகளாக மாற்றிக் கணக்குப் போட்டாள்.
இரண்டாயிரத்துச் சொச்சம்.
கம்பியில் நாற்காலிகள்
ஆட்களை அள்ளிக்கொண்டு மேகத்துக்குள் நுழைந்தன,
காலியாகத் திரும்பின.
ஏறத்தான் காசு.
இறக்கம் மலை சும்மா கொடுப்பது.

பக்கத்துக் குடிலில் பனிச்செருப்பு வாடகைக்கு,
ஜோடி இருபத்திரண்டு.
வார் இறுக்கிவிட்ட பையன்
என் டிக்கெட்டின் தேதியைப் படித்தான்.
செல்லாது என்று சொல்லவில்லை.
"அன்றைக்கு நல்ல பனி" என்றான்.
அன்றைக்கு அவனுக்கு எட்டு வயது இருந்திருக்கும்.

காலில் முறம் கட்டியதுபோல் இருந்தது.
பத்தடி போவதற்குள்
என் வலதுகாலை என் இடதுகாலே மிதித்தது.
விழுந்தேன்,
நீல நூல் தைத்த அதே முழங்கை மேல்.
ஓ, நீயும் இப்படித்தானா என்றேன்
ஜாக்கெட்டின் பழைய ஆளிடம்.

பிறகு பிடிபட்டது.
அகட்டி நடக்க வேண்டும், வெட்கம் பார்க்காமல்.
அடியில் பனி பொரிபோல் நொறுங்கியது.
குறுக்கே ஒரு முயல் தடம்;
அதற்கு வாடகை இல்லை,
பிறவியிலேயே அகன்ற பாதம்.
ஒரு வளைவில் லிஃப்டின் இரைச்சல் அறுந்துபோக
ஜிப்பில் டிக்கெட் தட்டும் சத்தம் மட்டும்
யாரோ கூடவே வருவதுபோல் வந்தது.

ஸ்ப்ரூஸ் மரத்தடியில் பொட்டலம் பிரித்தோம்.
என் புளிச்சோறு, அவளுடைய கருவாடு,
இரண்டும் கல்லாகியிருந்தன.
சாம்பல் நிறத்தில் ஒரு பறவை இறங்கியது.
விஸ்கி ஜாக் என்பார்கள் என்றாள் மரிசெல்,
குடிக்காது, திருடும்.
சோற்றைச் சட்டைசெய்யாமல்
அது நேரே என் நெஞ்சில் வந்து தொற்றியது.
நகங்கள் துணி வழியே தெரிந்தன.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
மினுங்கிய விளிம்பைக் கொத்தியது, இழுத்தது,
தலையைச் சாய்த்து யோசித்தது, மறுபடி இழுத்தது.
எத்தனை பருவம் நனைந்து காய்ந்த காகிதமோ,
கறுப்புக் கோடுகளும் தேதியும் இருந்த பாதி
அலகோடு போய்விட்டது.

எச்சில் தடவி, பட்டைக்குள் ஒட்டி,
பஞ்சகாலத்துக்கு என்று சேர்த்து வைக்குமாம் அது.
அந்த உயரத்தில், எந்த மரமென்று தெரியாமல்,
ஒருவருடைய சனிக்கிழமை
இப்போது பத்திரமாக இருக்கிறது.

எனக்கு மிஞ்சியது கம்பியும் ஒரு மூலையும்.
முழு நாள்
என்பது மட்டும் படிக்க முடிந்தது.

நாலு மணிக்குள் செருப்பைத் திருப்ப வேண்டும்
என்றாள் மரிசெல்.