இரண்டு மில்லிமீட்டர்

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் எனக்கு.
விடிவதற்குள் இரண்டாயிரத்துச் சொச்சம் எஸ்எஸ்டி
என் கண்ணாடிக்கு அடியில் கடந்து போகும்.
சூயிங்கம் பட்டை அளவு, பச்சைப் பலகை.
கீறல் உண்டா, ஈயம் வழிந்திருக்கிறதா,
பார்ப்பேன், நகர்த்துவேன்.
எட்டு வருஷத்தில் ஒருநாளும் தோன்றியதில்லை
இது எங்கே போய் எதைப் பிடித்து நிற்கும் என்று.

போன மாதம் ஊழியர் விலையில் ஒன்று வாங்கினேன்.
சனி ஞாயிறுகளில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவள் நான்.
பழைய டிஸ்க்கில் இடம் தீர்ந்து
பட்டர்வொர்த் பெண்ணின் நலங்கு
பாதியில் நிற்கிறது.

பெட்டியைத் திறந்து செருகினேன்.
போனது. கையை எடுத்தேன்.
மறுமுனை மெல்ல எழுந்தது
விடை தெரிந்த பிள்ளையின் கை போல.
அழுத்தினால் படுக்கிறது,
விட்டால் எழுகிறது.
அட்டைப்பெட்டியைக் குலுக்கிப் பார்த்தேன்:
உத்தரவாதச் சீட்டு, ஏழு மொழியில்.
திருகு இல்லை.

வேலையிடத்தில் இருக்கும், டப்பா டப்பாவாய்.
ஆனால் வாசலில் ஒரு வளையம்,
உள்ளாடைக் கொக்கிக்கே கத்துகிற வளையம்.
நான் யாரிடமும் கேட்கவில்லை.

யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைந்தேன்
கொம்தார் முழுக்க.
"தனியா விக்கிறதில்ல மிஸ்."
"மதர்போர்ட் வாங்கினா கூடவே வரும்."
மூன்றாம் மாடிக் கடைக்கோடியில் மிஸ்டர் கோர்
ஒன்றும் சொல்லாமல் ஒரு மைலோ டின்னைக்
கவிழ்த்தார் நாளிதழ் மேல்.
விசிறித் திருகு, தடியாய், கூர் மழுங்கி.
ஹார்ட்டிஸ்க் திருகில் இரண்டு சாதி,
பார்க்க ஒரே முகம்,
ஒன்றின் பள்ளத்தில் ஒன்று இறங்காது.
மூன்றரை அங்குலக் குழியில்
இரண்டரையை உட்கார வைக்கும் தகரத் தொட்டில்.
யாரோ கடித்துத் துப்பியது போல் ரப்பர் வளையங்கள்.
இடுக்கியால் ஒன்றைத் தூக்கினார்:
கடுகுக்கு அண்ணன், மிளகுக்குத் தம்பி.

எவ்வளவு என்றேன்.
"இதுக்கு எப்படி பில் போட?"
ஐம்பது சென் வைத்தேன். தள்ளினார். தள்ளினேன்.
காசு உருண்டு டின்னுக்குள் விழுந்தது.
இரண்டு பேரும் அதைத் தேடவில்லை.

வீட்டுக்கு வந்தால் திருகு இறங்க இடமில்லை.
பலகையில் வெறும் ஓட்டை.
அடியில் பித்தளை முட்டுக்கால் ஒன்று வேண்டுமாம்.
மறு சனிக்கிழமை மறுபடி கொம்தார்.
"நீங்க கேக்கல" என்றார் மிஸ்டர் கோர்.
கேட்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.
தெரியாத பொருளுக்கு என்ன பெயர் சொல்லி நிற்பது?
கூடவே நாலு ரப்பர் ஊசி எடுத்து வைத்தார்.
"ஃபேன் உறுமுதா?"
எப்படித் தெரியும்?
"அந்தப் பெட்டி எல்லாமே உறுமும்."
இரண்டு ரிங்கிட் ஐம்பது.
இதற்கு மட்டும் பில் உண்டு.

ரப்பர் ஊசியை வால் பிடித்து இழுக்க வேண்டும்
துளை வழியே,
அறுந்துவிடும் என்று பயம் வரும் வரைக்கும்,
பிறகு இன்னும் கொஞ்சம்.
டப்.
நாலு தடவை டப்.
அப்புறம் பித்தளைக் கால், அதன்மேல் பலகை.
திருகு விரல்நுனி வியர்வையில் ஒட்டிக்கொண்டே வந்தது.
கால் சுற்று, அரைச் சுற்று,
போதும்.
கையை எடுத்தேன்.
எழவில்லை.

சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை.
ஏதோ கெடுத்துவிட்டேன் என்று
கைப்பேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன்.
விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

மூன்று வருஷ உறுமல் போன இடத்தில்
பதினோராம் மாடி வந்து உட்கார்ந்தது.
யார் வீட்டிலோ குழாய் ஒழுகுகிறது.
அறைத்தோழி மக்தலின் தூக்கத்தில் பல் கடிக்கிறாள்,
இத்தனை நாளும் கடித்திருக்கிறாள்.

நலங்கை ஓடவிட்டேன்.
நாகஸ்வரம் மூச்சு வாங்கும் இடைவெளியில்,
கன்னத்தில் மஞ்சள் படும்போது,
பட்டர்வொர்த் பெண் ரகசியமாய்ச் சொல்கிறாள்:
"கூசுது சித்தி."

வெட்டி எறிய நினைத்திருந்த நாலு நொடி அது.
விட்டுவைத்தேன்.