பாலாடைக்கட்டிக் கணக்கு

பஸேயிக் நகரில், ரயில் பாலத்துக்குக் கீழே
ஒரு குளிர்க்கிடங்கு.
சுவரில் இறக்குமதிக் கம்பெனியின் நாள்காட்டி.
மார்ச் மாதத்துக்கு ஒரு தோல் ஏட்டின் படம்:
ஆயிரம் ஆண்டுக்கு முன்பு
லியோன் பக்கத்து மடத்தில்
உக்கிராணம் பார்த்த துறவி ஒருவர்
பழைய தானப் பத்திரத்தின் முதுகில்
குறித்துவைத்த சீஸ் கணக்கு.

திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு ஐந்து.
ராஜா வந்த அன்று நான்கு.

முன்பக்கத்தில் லத்தீன் முழங்கால் மடித்து நிற்கிறது.
பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று
வேற்றுமை உருபுகளைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு
வாயில் வந்ததை எழுதியிருக்கிறார்.
ஸ்பானிய மொழிக்குக் கிடைத்த மிகப் பழைய தாள்களில்
இதுவும் ஒன்று என்கிறது படத்தின் கீழே பொடி எழுத்து.
கணக்குப் பிசகினால் திட்டு விழும் என்ற பயத்தில்
எழுந்து நடந்திருக்கிறது ஒரு மொழி.

எவ்லாலியா கோயோட்ல்
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றுகிறாள்.
இரவு மூன்று மணி. இருப்பெடுக்கும் நாள்.
அவள் எழுதுவதும் ஒரு தாளின் முதுகில்தான்.
கே ஒலிக்குத் துறவி ஓர் எழுத்துப் போட்டார்,
பூயெப்லாவின் பள்ளியில் இவளை வேறு எழுத்துப் போடச் சொன்னார்கள்.
கேஸோ.
அடிநாக்கு அண்ணத்தைத் தொட்டு விலகும் இடம் மட்டும்
இன்னும் இடித்துக் கட்டப்படவில்லை.

கிடங்குக்கு இவர்கள் சொல்லும் பெயர் அல்மஸேன்.
அரபிகள் விட்டுப்போன சொல்,
நம் கஜானாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரன்.
எண்ணெய் டின்களும் அவர்கள் வைத்த பெயரோடுதான்
அடுக்கில் உட்கார்ந்திருக்கின்றன.
தக்காளிக்குப் பெயர் தந்தவர்கள் எவ்லாலியாவின் ஆட்கள்.
அதற்கு யாரும் ரசீது தரவில்லை.

மேல்தட்டிலிருந்து வில்கின் கத்துகிறான்.
சாந்தோ தொமிங்கோக்காரன்,
சொல்லின் கடைசி ஸ்-ஐக் கடல்காற்றுக்குக் கொடுத்துவிட்டவன்.
லோ கேஸோ, என்கிறான்.
ஒன்றா, பலவா?
விரலைக் காட்டு, வில்கின்.
ஏழு விரல்.

சாவி கிராஸியானாவிடம். ரொஸாரியோ ஊர்.
நாமெல்லாம் யாவே என்றால் அவளுக்கு அது ஷாவே,
சூட்டுக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல.
நேற்று மத்ரித்திலிருந்து போனில் ஒருவர்
பன்னிரண்டைப் பல்லிடுக்கில் வைத்து ஊதினார்,
எண் ஈரமாகவே வந்துசேர்ந்தது.

சபீனா ஹுவால்பா மட்டும் எண்ணும்போது வாய் திறக்க மாட்டாள்.
ஆயாகுச்சோ மலைக்கு மேலே, அவள் பிறந்த கெச்சுவாவில்
உயிரெழுத்து மூன்றே மூன்று: அ, இ, உ.
எ-யும் ஒ-யும் கப்பலில் வந்தவை.
எட்டு வயதில் கரும்பலகை முன்னால்
கேஸோ என்று படிக்கச் சொன்னார் வாத்தியார்.
கீஸோ, என்றாள்.
சீஸ் இருந்த இடத்தில்
‘விரும்பினான்’ வந்து நின்றது.
வகுப்பு சிரித்தது. மர அளவுகோல் விரல்முட்டியில் இறங்கியது.
எத்தனை முறை என்று அவள் சொன்னதில்லை.
எண்ணத் தெரிந்தவள்.

இருபது நாடுகளின் ஆட்சிமொழி என்று
நாள்காட்டியில் தங்க மையில் அச்சடித்திருக்கிறார்கள்.
அளவுகோல்களின் கணக்கு எந்தத் தாளின் முதுகில் என்று போடவில்லை.

மூன்றரைக்கு இடைவேளை.
எவ்லாலியா வாய்விட்டுப் படிக்கிறாள்,
தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு ஐந்து.
அடுத்த வரியைச் சபீனா பிடுங்கிக்கொள்கிறாள்,
காப்பிக் கோப்பைக்கு மேலே, தன் மலையின் இ-யோடு:
ராஜா வந்த அன்று நான்கு கீஸோ.

நான்கு விரும்பினான்.

வில்கின் சிரிக்கிறான். கிராஸியானாவும்.
‘ராஜா விரும்பினான், சரி,’ என்கிறாள் சபீனா,
‘தோட்டத்தில் நின்றவர்கள் எத்தனை விரும்பினார்கள்?’

எவ்லாலியா தாளைத் திருப்பி முன்பக்கம் பார்க்கிறாள்.
இனிக் கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் இல்லை. இப்படிக்கு, நிர்வாகம்.
மறுபடி திருப்புகிறாள்.
பேனா விறைத்துப்போயிருக்கிறது, வாயருகே வைத்து ஊதுகிறாள்.

வெள்ளை, உருண்டை: நாற்பத்தொன்று.
உப்பிட்டது: பதினெட்டு.
உடைந்தது: ஒன்று.
அதற்கு நேராக,
நாங்கள் தின்றோம்.