மூன்றாவது ஜன்னல்

'வகுப்பறையில் செல்போன் கூடாது.'
சுற்றறிக்கையை ஒட்டியது நான்தான்.
மூடுபனி ஈரத்தில் இரண்டு முறை உரிந்து விழுந்தது.
மூன்றாம் முறை ஆணி அடித்தேன்.

ஊருக்கு டவர் இல்லை.
எதிர்மலையிலிருந்து தப்பி வரும் இரண்டு கோடு சிக்னல்
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நுழைந்து
ஒன்பதாம் வகுப்பின் மூன்றாவது ஜன்னலில் மட்டும்
வந்து உட்கார்ந்துகொள்ளும்.
அதை ஒட்டிய பெஞ்சில் பூவரசி.

காலை பத்துக்குள் வருகைப்பதிவை ஏற்றியாக வேண்டும்.
"கொஞ்சம் நகரும்மா" என்பேன்.
கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் போனை வானத்துக்குக் காட்டுவேன்,
சுற்றறிக்கைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை வட்ட நாற்கரம் நடத்திக்கொண்டிருந்தேன்.
பெஞ்சுக்கு அடியில் ஏதோ தேனீ மாதிரி முனகியது.
"எடு."
எடுத்தாள்.
இன்னொன்று முனகியது. இன்னும் ஒன்று.
ரப்பர் பேண்டு போட்ட பட்டன் போன்,
கண்ணாடி வெடித்தது,
முதுகில் மாரியம்மன் ஸ்டிக்கர் ஒட்டியது,
காப்பிப் பழத்தின் கறை இன்னும் காயாதது,
மேசைமேல் மொத்தம் பதினொன்று.
"இதுல எது உன்னுது?"
"எனக்குப் போன் இல்லைங்க சார்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
ரேஷன் கடை சடையப்பன், கைரேகை மிஷினைக் குழந்தைபோல் இடுக்கிக்கொண்டு.
சிலிண்டருக்குப் பதிய வந்த செங்காயி,
எஸ்டேட்டில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு.
பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர்.
கம்பி வழியே போனைக் கொடுத்துவிட்டு
ஓடிபி வரும்வரை
நடை சாத்திய சந்நிதியில் நிற்பதுபோல் நின்றார்கள்.
"பாப்பாவைத் திட்டாதீங்க சார், நாங்கதான் குடுத்தோம்."

திட்டவில்லை என்று எழுத ஆசைதான்.
திட்டினேன்.
ஊர்ப் பணமெல்லாம் உன் வழியா போகுது,
தேற்றம் மட்டும் உள்ள போகல என்றேன்.
வேறு சிலவும் சொன்னேன், அவை இங்கே வேண்டாம்.
அவளை முதல் பெஞ்சுக்கு மாற்றினேன்.
ஜன்னலோரம் இப்போது தீர்த்தகிரி.
அவன் தூங்குகிறான்.
கம்பியை மெல்லத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

புதன்கிழமை நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

அன்று சாயங்காலம் அவள் கணக்கு நோட்டைத் திருத்த எடுத்தேன்.
வட்ட நாற்கரம் பாதியில் நின்றிருந்தது,
மூன்று மூலைதான் வட்டத்தைத் தொட்டிருந்தது.
ஓரக்கோட்டுக்கு இடப்புறம் முழுக்க ஆறிலக்க எண்கள்.
பத்து நிமிடத்தில் செத்துப்போகிற எண்கள்.
செத்ததையும் அவள் சும்மா விடவில்லை.

418236 = 2 × 2 × 3 × 7 × 13 × 383

கடைசி எண்ணைச் சுற்றி ஒரு வட்டம்.
பக்கத்தில் பென்சிலில்,
'இது உடைய மாட்டேங்குது.'

சிவப்புப் பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
நோட்டை மடியில் வைத்தபடி கடைசி பஸ்ஸில் இறங்கினேன்.

இருபதாவது கொண்டை ஊசி வளைவு.
இருபதால் வகுத்தேன், மீதி மூன்று.
பத்தொன்பது. மறுபடியும் மூன்று.
பதினேழில் ஒரு லாரிக்கு வழிவிட்டு நின்றோம், மீதி ஒன்பது.
பதிமூன்றில் குரங்குகள். ஆறு.
ஏழில் காதடைத்தது, ஐந்து.
கீழே சேலம் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தது.
ஒவ்வொரு மஞ்சள் பலகையும் வந்து மோதியது,
முந்நூற்று எண்பத்து மூன்று
ஒரு கீறலும் இல்லாமல் என்னோடு இறங்கியது.

இரண்டு. மீதி ஒன்று.

ஒன்றாவது வளைவில் சட்டைப்பை அதிர்ந்தது.
முழு சிக்னல்.
'ஒன்பதாம் வகுப்பு: இன்றைய வருகைப்பதிவு வரவில்லை.'