விதிப்படி வேலை

திங்கட்கிழமை பத்து மணிக்கு
சங்கத்தின் கடிதத்தை மேஜைமேல் வைத்தோம்.
எழுதியது செல்லப்பெருமாள்.
செங்கொடிக்காரர்தான், ஆனாலும்
தாளைப் பார்த்ததும் கை தானாகப்
பிள்ளையார் சுழி போட்டிருந்தது.

வேலைநிறுத்தம் இல்லை.
விதியில் உள்ளதை உள்ளபடி செய்வோம்,
அதற்கு மேல் ஒன்றும் செய்யமாட்டோம்.
அவ்வளவுதான் கடிதம்.

அலுவலர் சிரித்தார்.
"அப்ப இத்தனை நாளா விதியை மீறியா செஞ்சீங்க?"
"ஆமா சார்" என்றாள் ஒச்சம்மாள்.

மீறித்தான் செய்தோம்.
ஓர் ஆளுக்கு நாலு ஒன்றியம்.
உசிலம்பட்டி, செல்லம்பட்டி, சேடபட்டி,
கல்லுப்பட்டி வரும்போது வண்டியில் பெட்ரோல் இருக்காது.
என் பெயரில் நூற்றுப் பதினாலு கோப்பு.
நடுவில் வாக்காளர் பட்டியல்,
அமைச்சர் வந்தால் நாற்காலிக் கணக்கு,
யாரோ ஒருவர் மகனின் கல்லூரி விண்ணப்பம்.
பதினோரு மாத ஒப்பந்தம்.
பன்னிரண்டாவது மாதம் நாங்கள் யாருமில்லை.
அந்த மாதமும் போன் மட்டும் அடிக்கும்.

ராத்திரி ரெண்டு மணிக்கு
மாட்டுத்தாவணியில் நடத்துனர் இறக்கிவிட்ட பையனை
துப்பட்டாவில் சுற்றி இல்லத்துக்குக் கொண்டுபோனேன்.
ஆட்டோ நூற்றெண்பது.
ரசீது ஒட்டவில்லை என்று வவுச்சர் திரும்பிவிட்டது.
சித்திரையில் போனது, இப்போது ஐப்பசி.

செவ்வாய்க்கிழமை விதி தொடங்கியது.
பிள்ளையோடு தனியாகப் பேசு என்கிறது விதி.
அவசரப்படுத்தாதே என்கிறது.
யார் எழுதினார்களோ,
நிறைய நேரம் உள்ளவர்கள்.

செக்கானூரணிக்கு மேற்கே ஒரு வீடு.
ஊரும் பேரும் சொல்லமாட்டேன், அதுவும் விதி.
போன மாதமே போயிருக்கிறேன்,
பதினோரு நிமிஷம்.
கல்யாணத்தை நிறுத்தி, எழுதி வாங்கி,
தகப்பன் கைநாட்டைப் படம் பிடித்து,
"குழந்தை நலமாக உள்ளது" என்று
என் கையால் எழுதிக் கோப்பை மூடினேன்.

இந்தமுறை உட்கார்ந்தேன்.
அவள் ஆட்டுக்கு அகத்தி ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.
ஒரு மணி நேரமும் ஆட்டுப் பேச்சுதான்.
எது சினை, எது முட்டும்,
எது விலைக்குப் போய்த் திரும்பி ஓடிவந்தது.
பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை.
பிறகு, என்னைப் பார்க்காமல்,
"அன்னிக்கு பத்து ஒம்பது எட்டுக்கு
போன் போட்டது நாந்தேன்க்கா" என்றாள்.

தகவலாளர்: பெயர் சொல்ல விரும்பாதவர்.
அதுவும் என் கையெழுத்துதான்.

வீட்டில் யூகித்துவிட்டார்கள்.
தட்டில் சோறு வருகிறது. பேச்சு கிடையாது.
தம்பிகூடப் பேசுவதில்லை.
முப்பத்தாறு நாளாம்.
எண்ணி வைத்திருக்கிறாள்.

நலமாக உள்ளது.

அம்மாக்காரியிடம் பேசினேன்.
முழுசாய்க் கேட்டாள் என்று சொல்லமுடியாது.
கதவோரம் நின்றிருந்த தம்பி
"அக்கா, கருப்பி குட்டி போட்டுருச்சா?" என்றான்.
அவளைத்தான் கேட்டான் என்று நினைக்கிறேன்.
நான் எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

நாகமலைப் புதுக்கோட்டையில் வண்டியை ஓரங்கட்டி
போனைப் பார்த்தேன். ஒன்பது அழைப்பு.
ஆறு அலுவலகம். ரெண்டு ஒச்சம்மாள்.
ஒன்று தெரியாத எண்.
திருப்பி அடித்தால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது.

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் மெமோ.
வாரத்தில் வீட்டுப் பார்வை முப்பத்தொன்று
நாலாய்க் குறைந்தது ஏன்?
தல்லாகுளத்தில் கறுப்புப் பட்டையோடு நின்றோம்.
உள்ளே கூப்பிட்டு என்னதான் வேணும் என்றார்கள்.
செல்லப்பெருமாள் பதினாலு கோரிக்கை வாசித்தார்.
ஒச்சம்மாள் முடிக்கவிடவில்லை.
"ஆள் போடுங்க."

பரிசீலிப்பதாகச் சொன்னார்கள்.
விதிப்படி வேலை தொடர்கிறது,
ஆறு மணிக்கு மேல் போன் எடுப்பதில்லை
என்பது கூட்ட முடிவு. நானும் கை தூக்கினேன்.

ராத்திரி, பாத்திரம் கழுவியபின்,
அந்தத் தெரியாத எண்ணை ஒருமுறை அடிக்கிறேன்.
சங்கத்துக்குத் தெரியாது.
அணைத்தே கிடக்கிறது.