ஆறாவது தந்தி

எஸ்பிளனேடில் அப்பாவுக்கு ஒரு மாலை.
பூமாலை இல்லை, ஏழரை மணி.
முன்வரிசையில் எனக்கு நாற்காலி,
கழுத்தில் அட்டை: சவரிராயன் மகள்.

மேடையில் மூன்று பையன்கள், ஒரு பெண்.
கிட்டார்களில் ஐந்தைந்து தந்தி.
ஆறாவதைக் கழற்றிவிட்டுத்தான் வாசிக்கிறார்கள்.
செம்பவாங் சுருதி என்று அதற்குப் பெயராம்,
ஒசாகாவில் வகுப்பு எடுக்கிறார்களாம்.

பேராசிரியர் சொன்னார்:
இல்லாத அந்தத் தந்தி, இழந்த மண்.
கைதட்டினார்கள்.
பக்கத்தில் இருந்தவர் தட்டியதால் நானும் தட்டினேன்.

அப்பா கப்பல் பட்டறையில் பெயின்ட் சுரண்டியவர்.
வலது காது பாதி செவிடு.
மிசிசிப்பிக்காரன் ஒருவன், சரக்குக் கப்பல் சமையல்காரன்,
மூன்று நாள் கரையில் நின்றான்.
நெத்திலிச் சம்பல் கொடுத்து
சோடா போத்தல் கழுத்தைத் தந்திமேல் இழுக்கக் கற்றுக்கொண்டார்.
இருவர் ஆங்கிலமும் வேறு வேறு.

ஒரே இசைத்தட்டு. இரண்டு பாட்டு.
கூலி பதினைந்து வெள்ளி,
எட்டை முன்பணமாக வாங்கித்தான்
அடகிலிருந்து கிட்டாரை மீட்டார்.
மறு திங்கள் அது திரும்பவும் உள்ளே போனது.
எங்கள் வீட்டில் இருந்ததைவிட
சிராங்கூன் ரோட்டுக் கம்பிக்குப் பின்னால்தான்
அதிக நாள் இருந்தது.
அப்போதெல்லாம் மேசை விளிம்பில்
அப்பாவின் விரல் ஓடும், சத்தமில்லாமல்.
அதைப் பதிவுசெய்ய யாரும் வரவில்லை.

அவ்வளவு சோகமா என்று கேட்கிறார்கள்.
இல்லை, வாடகை பாக்கி.
அம்மா திட்டும்போது மட்டும்
தட்டில் கேட்கிற மாதிரியே
ஒரு சொல்லை இழுத்து இழுத்துப்
பாதியில் விட்டுவிடுவார்.

லைன் வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூடு.
கொண்டி உடைந்த இரவு மலைப்பாம்பு வந்தது,
காலையில் எண்ணினால் நான்கு கோழி.
முட்டை விற்ற காசில்தான் அடகு வட்டி போய்க்கொண்டிருந்தது.
அம்மா உள்ளே போனாள், வந்தாள்,
கையில் இருப்பதிலேயே தடித்த கம்பி.
மூன்று சுற்று, ஒரு முறுக்கு.

சைரன் ஊதி அப்பா வந்தார்.
கிட்டாரைப் பார்த்தார். கூட்டைப் பார்த்தார்.
ஒன்றும் பேசவில்லை.
மீதி ஐந்தையும் கொஞ்சம் தளர்த்தி
இராத்திரி முழுக்கத் தேடினார்.
கிடைத்தபோது
சேவல் கூவிவிட்டது.

ஒலிவாங்கி என் முகத்துக்கு வருகிறது.
அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை?

அம்மா பெயர் மிக்கேலம்மாள், என்றேன்.

இன்னும் ஏதோ வரும் என்று
மொழிபெயர்ப்பாளர் காத்திருந்தார்.