மூன்று கிரெடிட்

நாளை நாலு மணியோடு பதிவு மூடுகிறது.
கட்டிலில் கால அட்டவணை,
அதன் மூலையில் பிளேன்டீ வட்டம்.

செவ்வாய் இரண்டுக்குப் பாய்மப் பொறியியல்.
அதே இரண்டுக்குச் சமூகவியல்.
அழித்து அழித்து எழுதியதில்
தாள்தான் தேய்ந்தது.

"கணக்கியல் எடு, லேசா ஏ வரும்"
மேல்கட்டிலில் இருந்து ஒரு காலைத் தொங்கவிட்டபடி ஷிம்ரா.
பொதுப்பாடம். மூன்று கிரெடிட்.
இல்லாவிட்டால் பட்டம் இல்லை,
இருந்தாலும் ஒருவரும் கேட்கப்போவதில்லை.

ஜன்னலுக்கு அப்பால் ஒலுவில் கடல்
எதற்கும் பதியாமல் அடிக்கிறது.

போன சனி துறைமுகம் வரை நடந்தோம்.
அதன் வாய் நிறைய மணல்.
வடக்கே வேரோடு சரிந்த தென்னைகளை
ஒருவர் எண்ணிக்கொண்டு வந்தார்,
பதினேழில் விட்டுவிட்டார்.

அலைக்குச் சமன்பாடு போட்டுத்தான் இருப்பார்கள்.
தோணிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க
எந்த செமஸ்டரில்
யாருக்கு நேரம் இல்லாமல் போனதோ.

பென்சிலை வைத்துவிட்டுப் பேனையை எடுக்கிறேன்.
பாய்மம் வெள்ளி பின்னேரக் குழுவுக்குப் போகிறது.
"மட்டக்களப்பு பஸ் தப்புமே" என்கிறாள்.

தப்பும்.
கிழமைக்கு ஒருமுறை,
பதினைந்து கிழமை.