ஒரு தட்

கிரிம்ஸ்பி. மரண விசாரணை அறை.
மாடிவீட்டு டெஸ்மண்ட் விழுந்த இரவு
என்ன கேட்டதென்று சொல்லச் சொல்கிறார்கள்.
'ஒரு தட்' என்கிறாள் வினிஃப்ரெட் கார்சைட்,
மீன் ஆலையில் பெட்டி அடுக்குபவள்.

'பேங்' இல்லையே?
வக்கீல் எழுதாமல் பேனாவைப் பிடித்திருக்கிறார்.
இல்லை. பேங் கதவுக்கு, கோபத்துக்கு.
'தம்ப்'?
அதற்குப் பின்னால் ஒரு கை இருக்கும்.
தட் என்றால்
ஈரமூட்டை ஒன்று சிமெண்ட் தரையில் நழுவினால் வருமே,
அது. அப்புறம் உருள்வது, முனகுவது,
ஒன்றும் இருக்காது.

நம் பேச்சில் 'தொப்'புக்கு
'என்று' வந்து கைபிடித்தால்தான் நடை.
இவர்கள் மொழியில் சத்தம்
தனியாளாய்க் கூண்டில் ஏறி நிற்கிறது.
அதை எண்ணவும் செய்கிறார்கள்.

எத்தனை தட்?
ஒன்று.
மணி?
செய்தி முடிந்து வானிலை சொன்ன நேரம்.
பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்?

கையுறையின் விரல்களை
ஒவ்வொன்றாக இழுத்துவிடுகிறாள்.
கட்டைவிரலை இரண்டு தடவை.

டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

பதிவாளர் அந்த நாலெழுத்தை அடித்துவிட்டு
சரியா என்று
திரையைத் திருப்பிக் காட்டுகிறார்.